கிரீமி லேயரா, உள் ஒதுக்கீடா, 7.5-ஆ? எந்தச் சமரசம் தாங்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சலிங் தொடங்கும் மாதங்களில் வருஷம் தவறாமல் ஒரே சண்டை வரும். "டாக்டர் பையனுக்கு எதுக்குங்க பிசி கோட்டா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எங்க தாத்தாவைப் பள்ளிக்கூடத்துக்குள்ள விட்டீங்களா?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். அப்புறம் அது ராத்திரி வரை ஓடும். கவனித்துப் பார்த்தால் இருவரும் பேசுவது வேறு வேறு விஷயம். இரண்டாமவர் சொல்வது ஒதுக்கீடு ஏன் வந்தது என்று. முதலாமவர் கேட்பது வந்த பிறகு உள்ளே யாருக்குப் போகிறது என்று.

ஏன் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் முதல் வகுப்புவாரி ஆணை வந்தது, 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முறையைச் செல்லாது என்றது, அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து அது மீண்டது, எல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. இங்கே நான் எடுத்துக்கொள்வது முதலாமவரின் கேள்வியை. அதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஒதுக்கீட்டையே ஒழிக்கும் நோக்கத்தில்தான் கேட்கிறார்கள், தெரியும். அதற்காகக் கேள்வி பொய்யாகிவிடாது. 69 சதவீதம் அப்படியே இருக்கட்டும், பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசியும் சீர்மரபினரும் சேர்ந்து 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1. இந்த ஒவ்வொரு பங்குக்குள்ளும், ஏன், 31 சதவீதப் பொதுப் பிரிவான ஓசிக்குள்ளும்கூட, திரும்பத் திரும்ப வெளியே நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே கொண்டுவர, வசதி வந்தவர்களை விலக்குகிற கிரீமி லேயர், ஒரு பங்கையே மேலும் பிரிக்கிற உள் ஒதுக்கீடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் என்று இதுவரை முயன்று பார்த்த வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எது தேறும் என்பதுதான் விஷயம்.

எந்த வழியானாலும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். சான்றிதழை யார், எதைப் பார்த்துக் கொடுப்பார்? இரண்டாவது, இதைவிட முக்கியம், அந்த இடம் நிரம்பாவிட்டால் மிச்சம் எங்கே போகும்? தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டுச் சமரசங்கள் நின்றதும் விழுந்ததும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

கிரீமி லேயரிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேர் முதலில் சொல்வது அதைத்தான். இது நமக்குப் புதுசு இல்லை. 1969-இல் அமைக்கப்பட்ட சட்டநாதன் குழுவே பிற்படுத்தப்பட்டோரில் வசதி வந்தவர்களை விலக்க வேண்டும் என்று சொன்னது. 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் செய்தும் பார்த்தது: ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிசி ஒதுக்கீடு கிடையாது. அடுத்து வந்த 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அதிமுக ஜெயித்தது இரண்டே இரண்டு. தோல்விக்குக் கூட்டணிக் கணக்கும் காரணம்தான், ஆனால் எம்.ஜி.ஆர். படித்த பாடம் வேறு. ஆணையைத் திரும்பப் பெற்றார், பெற்றதோடு பிசி பங்கை 31-லிருந்து 50 சதவீதமாகவும் ஏற்றினார். அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 1992-இல் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் கிரீமி லேயரைக் கட்டாயமாக்கியபோதும் தமிழ்நாடு மாநில ஒதுக்கீட்டில் அதைக் கொண்டுவரவில்லை. 69 சதவீதச் சட்டத்தை 1994-இல், நீதிமன்றம் எளிதில் கைவைக்க முடியாத அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

ஓட்டுக்குப் பயந்துதான் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மத்திய அரசு நடத்துகிற கிரீமி லேயரைக் கிட்டே போய்ப் பாருங்கள். வரம்பு 8 லட்சம், 2017-லிருந்து அதேதான். சரி, 8 லட்சம் எதன் மேல்? பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது, சம்பளக்காரர்களுக்குப் பதவியின் தரம்தான் அளவு. ஆக, கணவனும் மனைவியும் குரூப் சி வேலையில் இருந்து இரண்டு சம்பளமும் சேர்த்து வருஷம் 15 லட்சம் வந்தாலும் பிள்ளை உள்ளே. கடை வைத்து வருஷம் ஒன்பது லட்சம் என்று மூன்று வருஷம் ஒழுங்காகக் கணக்குக் காட்டியவரின் பிள்ளை வெளியே. இதே 8 லட்சத்தை எடுத்துத்தான் பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினருக்கான 10 சதவீதத்துக்கும் வரம்பாக வைத்தார்கள், அங்கே மட்டும் சம்பளம், விவசாயம் எல்லாம் சேரும். ஒரே தொகை ஒரு இடத்தில் வசதி வந்ததற்கு அடையாளம், இன்னொரு இடத்தில் ஏழ்மைக்கு அடையாளம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு சமூக நீதி பேசுவது கொஞ்சம் கஷ்டம்.

வருமானச் சான்றிதழ் என்ற காகிதத்தின் மதிப்பும் நமக்குத் தெரியாததா? முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வரம்பு ஆண்டுக்கு 72,000 என்று இருந்த காலத்தில் ஊரில் யாரைக் கேட்டாலும் வருமானம் சரியாக 72,000-க்குள் இருந்தது. விஏஓவும் மனிதர்தான், எதிரே நிற்கிறவரின் பெட்டியைத் திறந்தா பார்க்க முடியும்? மாதச் சம்பளக்காரன் மாட்டுவான், வியாபாரி தப்பிப்பான்.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் அதிகம் பேசாதது. 8 லட்சத்துக்கு மேல் உள்ள பையனை வெளியே எடுத்தால் அந்த இடம் யாருக்குப் போகும்? வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. அவர் பெரும்பாலும் அதே கோச்சிங் சென்டரில் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த, வீட்டு வருமானம் ஏழரை லட்சம் உள்ள பையன். செங்கல் சூளைக்குப் போகிற குடும்பத்துப் பெண் அந்த வரிசையில் இன்னும் எங்கேயோ பின்னால்தான் இருப்பாள். மேலே இருந்து ஒருவரைத் தள்ளினால் கீழே இருப்பவர் தானாக மேலே வந்துவிடுவார் என்று நம்புவதுதான் இந்த யோசனையின் ஓட்டை.

மிச்சம் எங்கே போகும் என்று கேட்டால் இன்னும் மோசம். மத்திய கல்வி நிறுவனங்களில் ஓபிசி 27 சதவீதம் 2008-இல் நடைமுறைக்கு வந்தபோது, நிரம்பாத ஓபிசி இடங்களைப் பொதுப் பிரிவுக்கு மாற்றலாம் என்றார்கள். வசதியானவர்களை முதலில் கழித்துவிட்டு, கட்ஆஃப் எட்டுகிற ஏழைகள் போதவில்லை என்று சொல்லி, மீந்ததைப் பொதுவில் போட்டால் அது யாருக்குச் சமரசம்? கிரீமி லேயர் என்றாலே இங்கே பலர் சிலிர்த்துக்கொள்வதற்கு இதுதான் உண்மையான காரணம், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது உள் ஒதுக்கீடு, சாதிக்குள் சாதியாகப் பிரிப்பது. இதற்கான தேவை கண்ணுக்குத் தெரிகிறது. ஓபிசி உட்பிரிவுக்காக 2017-இல் அமைத்த ரோகிணி ஆணையம் மத்திய வேலைகளையும் மத்திய கல்வி நிறுவன இடங்களையும் ஆராய்ந்தபோது, 97 சதவீதப் பயன் சுமார் 25 சதவீத சாதிப் பிரிவுகளுக்கே போயிருந்தது, 983 சமூகங்களுக்கு ஒன்றுகூடக் கிடைத்திருக்கவில்லை. அறிக்கை 2023-இல் கொடுக்கப்பட்டது, அப்படியே பெட்டிக்குள் போய்விட்டது.

தமிழ்நாட்டில் இது இரண்டு விதமாக நடந்திருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2009-இல் எஸ்சி 18-க்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். நீதிபதி ஜனார்த்தனம் குழு ஆராய்ந்து சொன்னது. தகுதியான அருந்ததியர் இல்லாமல் இடம் மீந்தால் மற்ற எஸ்சி பிரிவினருக்கே போகும், வெளியே போகாது. 2021-இல் எம்பிசி 20-க்குள் வன்னியருக்கு 10.5 சதவீதம், சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்த அதே நாளில் நிறைவேறியது. முதலாவது நின்றது. 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் எஸ்சி உட்பிரிவு செல்லும் என்றபோது அதற்கு இருந்த சட்டச் சந்தேகமும் போய்விட்டது. இரண்டாவது ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உட்பிரிவு கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. இன்றைய தேதிக்கான புள்ளிவிவரம் எங்கே என்று கேட்டார்கள், அரசிடம் இல்லை.

வன்னியர் கோரிக்கை நியாயமற்றது என்று நான் சொல்ல வரவில்லை, 1987 சாலை மறியலில் உயிர் கொடுத்த போராட்டத்தால்தான் எம்பிசி என்ற பிரிவே 1989-இல் பிறந்தது. ஆனால் 20-இல் பாதியை ஒரு சமூகத்துக்கு எடுத்து வைத்தால் மீதி நூற்றுச் சொச்சம் சமூகங்கள் என்ன ஆகும் என்பதற்கு எண்ணிக்கை இல்லாமல் பதில் சொல்ல முடியாது. வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று மத்திய அரசு 2025-இல் அறிவித்திருக்கிறது. அந்த எண்கள் வரும்வரை உட்பிரிவு வேண்டும் என்று கேட்கிற எந்தக் கட்சியும் நீதிமன்றத்தில் வெறுங்கையோடுதான் நிற்கும்.

உள் ஒதுக்கீட்டுக்குச் சான்று ஒரு பிரச்சினையே இல்லை என்று நினைப்போம், சாதிச் சான்றிதழ்தானே. புதிரை வண்ணார் குடும்பத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். எஸ்சி பட்டியலிலேயே கடைசிப் படியில் வைக்கப்பட்டவர்கள், அந்தச் சான்றிதழ் வாங்கவே வருஷக்கணக்காக அலைந்த கதை அவர்களிடம் இருக்கிறது. பழங்குடியினரான இருளர்களும் சான்றிதழுக்கு அப்படித்தான் அலைந்தார்கள். மிகச் சிறிய சமூகத்துக்கு உள் ஒதுக்கீட்டை இன்னும் நுணுக்கிக்கொண்டே போவதாலும் பயன் கிடையாது. அரை சதவீதம், கால் சதவீதம் என்று பிரித்தால் ஒரு கல்லூரியில் அது பூஜ்யமாகிவிடும்.

மாவட்டம், ஊர் என்று பார்த்துப் பிரிப்பதும் ஒரு வழி. தமிழ்நாட்டில் 90-களின் பிற்பகுதியில் கிராமப்புற மாணவர்களுக்குத் தனியாக 15 சதவீதம் கொண்டுவந்தார்கள், அப்புறம் அதை 25 ஆக்கினார்கள், உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. ஆச்சரியமில்லை, உத்தரப் பிரதேசத்தின் கிராமப்புற ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 1975-லேயே செல்லாது என்று சொல்லியிருந்தது. கிராமத்தில் இருப்பவர் எல்லாரும் பின்தங்கியவர் என்று எப்படிச் சொல்வீர்கள் என்பது கேள்வி. அதே தீர்ப்பு மலைப்பகுதிகளுக்கான ஒதுக்கீட்டை மட்டும் ஏற்றுக்கொண்டது.

இந்த வழியை முழுசாக நடத்திப் பார்த்த நாடு இலங்கை, அந்தக் கதை தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1971-இல் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு மதிப்பெண்ணைத் தரப்படுத்தல் மொழிவாரியாக வந்தது. பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். அது அப்பட்டமான அநியாயம், அதைச் சமரசம் என்று யாரும் அழைக்கக்கூடாது. ஆனால் 1974-இல் அதன்மேல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு மாதிரி வேலை செய்தது. யாழ்ப்பாணத்துக்கு அது பெரிய இழப்பு. வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் அதே ஏற்பாடு கதவைத் திறந்தது, இதைத் தமிழர்களே வெளியே சொல்லத் தயங்குவார்கள். இன்று கலைத்துறை தவிர்த்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் நாடு தழுவிய திறமை வரிசை, 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அரை நூற்றாண்டாக யாராலும் எடுக்க முடியவில்லை. வசதியான நகரத்துப் பிள்ளைகள் வெட்டுப்புள்ளி குறைந்த நுவரெலியா, பதுளைப் பள்ளிகளுக்கு மாறிப்போய்ப் பரீட்சை எழுதுவதும் நிற்கவில்லை. பரீட்சைக்கு முந்தைய மூன்று வருஷம் எந்த மாவட்டத்தில் படித்தார் என்று பார்க்கிறார்கள், மூன்று வருஷம்தானே என்று அதற்கும் வீடு எடுத்துக் குடியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருஷம் என்பது வாங்கக்கூடிய விலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் சாதுரியமான ஒன்றைச் செய்தது. அங்கே 1996-இல் நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக்கூடாது என்றதும், 1997-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: எந்த உயர்நிலைப் பள்ளியானாலும் சரி, அதன் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம். பள்ளிகளே இனவாரியாகப் பிரிந்து கிடப்பதால் இனத்தின் பெயரைச் சொல்லாமலே எல்லா இனமும் உள்ளே வந்தது. 2023-இல் ஹார்வர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனம் பார்த்துச் சேர்ப்பதை நாடு முழுக்க நிறுத்திய பிறகும் இந்தச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் தாங்காமல் ஆஸ்டின் வளாகம் மட்டும் 10-ஐக் குறைத்துக்கொண்டே வருகிறது. நமக்கு ஆகுமா? இன்ஜினீயரிங்குக்கு ஆகலாம், அங்கே பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்து 200-க்குக் கட்ஆஃப் போடுகிறோம், 2006-இல் நுழைவுத் தேர்வை ஒழித்ததன் புண்ணியம். மருத்துவத்துக்கு வழியே இல்லை, நீட் இருக்கும்வரை பள்ளியில் முதல் மார்க் வாங்கியதற்கு அங்கே ஒரு மதிப்பும் கிடையாது.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்பது கேட்க நன்றாக இருக்கும். 2010-லிருந்து இன்ஜினீயரிங் கட்டணச் சலுகைக்கு அந்தச் சான்றிதழ் பயன்படுகிறது. ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது, அக்கா ஒரு வருஷம் முன்னால் கல்லூரி போனதால் தம்பியின் வீட்டு நிலைமை என்ன மாறிவிட்டது? கட்டணத்துக்குச் சரி, இடத்துக்கு இதை அளவுகோலாக வைத்தால் ஒவ்வொரு வீட்டிலும் பங்காளிச் சண்டைதான் நடக்கும்.

இப்போது 7.5, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடு.

நீட் வந்த பிறகு தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழியில் படித்துச் சேர்ந்தவர்களின் பங்கு சுமார் 15 சதவீதத்திலிருந்து 4-க்கும் கீழே போனது, நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழு அறிக்கையில் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்பிபிஎஸ்ஸில் வருஷத்துக்கு ஒற்றை இலக்கத்தில்தான் சேர்ந்துகொண்டிருந்தார்கள், பிளஸ் டூ எழுதுகிறவர்களில் பத்தில் நான்கு பேர் அரசுப் பள்ளி என்றபோதும். நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் கொடுக்கச் சொன்னது, அரசு 7.5 ஆக்கியது. 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் வர அக்டோபர் கடைசி ஆனது, அதற்கு முந்தின நாளே அரசு பொறுமை இழந்து அரசாணை போட்டுவிட்டது. முதல் வருஷமே 313 எம்பிபிஎஸ், 92 பிடிஎஸ். அடுத்த வருஷம் இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம், மீன்வளம் எல்லாவற்றுக்கும் நீட்டித்தார்கள். 2022-இல் உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது, கூடவே ஐந்து வருஷத்தில் மறுஆய்வு செய்யவும் சொன்னது.

இது ஏன் நின்றது? இது யாருடைய பங்கையும் தொடவில்லை. ஆயிரம் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 7.5 சதவீதம் என்றால் 75. அந்த 75-ஐயும் அதே 69 முறைப்படிதான் பிரிக்கிறார்கள்: ஓசிக்கு 23, பிசிக்கு 20, பிசி முஸ்லிமுக்கு இரண்டு மூன்று, எம்பிசிக்கு 15, எஸ்சிக்கு 11, அருந்ததியருக்கு இரண்டு, எஸ்டிக்கு ஒன்று என்கிற மாதிரி வரும். எம்பிசி பங்கிலிருந்து எடுத்தது எம்பிசி வீட்டு அரசுப் பள்ளிப் பெண்ணுக்கே போகிறது, மீந்தால் அந்த எம்பிசிக்கே திரும்புகிறது. எந்தச் சாதிச் சங்கமும் தெருவுக்கு வரவில்லை என்றால் காரணம் இந்தக் குறுக்குவெட்டுதான். ஓசிக்குள்ளும் அது வெட்டுகிறது, அக்ரஹாரத்து ஏழைப் பையன் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அவனுக்கும் உண்டு.

சான்று என்ன? ஆறாவது முதல் பிளஸ் டூ வரை ஏழு வருஷம் அரசுப் பள்ளி. நுவரெலியாவுக்கு மூன்று வருஷம் குடியேறலாம், இங்கே குறுக்கு வழி தேடுகிற அப்பா பிள்ளைக்குப் பத்து பதினோரு வயதாகும்போதே முடிவெடுக்க வேண்டும். எடுத்தால் எடுக்கட்டுமே, நாலு வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஏழு வருஷம் அந்த வகுப்பில் உட்கார்ந்தால் அந்தப் பள்ளியில் கழிவறைக் கதவு சீக்கிரம் மாட்டப்படும்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. முதல் வருஷம் சுயநிதி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர் கட்டணத் தொகையைக் கேட்டுவிட்டு அப்படியே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் முழுக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். பணம் கூடவே வராத கோட்டா காகிதத்தில் மட்டும்தான் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்னொன்று, இந்த 7.5-க்குள்ளும் ஒரு மேல்தட்டு உருவாகும், ஒரு வருஷம் வீட்டில் இருந்து கோச்சிங் போய் மறுபடி நீட் எழுத முடிகிறவர்கள், மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கிற உறைவிட மாதிரிப் பள்ளிகளில் படிக்கிறவர்கள். மாதிரிப் பள்ளி மேல் எனக்குப் புகார் இல்லை. முதல் முறை எழுதுகிறவர்களுக்குப் பாதியாவது எடுத்து வைக்கலாம் என்று தோன்றுகிறது.

பெரிய குறை அரசு உதவிபெறும் பள்ளிகள். கன்னியாகுமரி, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் போனால் பல ஊர்களில் இருக்கிற ஒரே மேல்நிலைப் பள்ளி உதவிபெறும் பள்ளிதான். ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, பாடநூலும் சைக்கிளும் அரசு கொடுக்கிறது, மத்தியானம் அதே சத்துணவு. மீன்பிடிக்கிறவர் மகளும் பீடி சுற்றுகிறவர் மகனும் அங்கேதான் படிக்கிறார்கள். 7.5 கிடையாது. ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதாவதுக்கு அரசுப் பள்ளி வந்தவருக்கு உண்டு. மெட்ரிக் பள்ளியில் எட்டு வருஷம் இருந்தவர் உள்ளே, பன்னிரண்டு வருஷமும் உதவிபெறும் பள்ளியில் தமிழில் படித்தவர் வெளியே. இதற்கு நேராகப் பதில் சொன்ன அதிகாரியை நான் இன்னும் பார்க்கவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களையும் சேர்த்தாயிற்று. ஆயிரம் ரூபாய்க்கு ஏழை, எம்பிபிஎஸ் சீட்டுக்கு மட்டும் ஏழை இல்லையா?

இடங்களைக் கூட்டிக் கொடுப்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அரசியல்வாதிகளுக்கு மிகப் பிடித்த சமரசம் இதுதான். ஓபிசி 27 வந்தபோது பொதுப் பிரிவு இடம் குறையாமல் இருக்க மத்திய நிறுவனங்களில் இடங்களை 54 சதவீதம் கூட்டினார்கள். ஐஐடிகளில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லையே என்று 2018-லிருந்து அவர்களுக்குக் கூடுதல் இடம் போட்டு 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள், எந்த ஆணின் இடமும் போகவில்லை, சண்டையும் இல்லை. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் 11 மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்தபோது 7.5-இன் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறியது. செய்ய முடிந்தால் செய்ய வேண்டியதுதான், ஆனால் கட்டடம், பேராசிரியர், ஆஸ்பத்திரிப் படுக்கை எல்லாம் வேண்டும், வருஷா வருஷம் ஆகாது.

ஆக, என்னிடம் கேட்டால் வரிசை இதுதான். உயர் நீதிமன்றம் சொன்ன மறுஆய்வில் பள்ளி அடிப்படை ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டு, கலையரசன் ஆணையம் முதலில் சொன்ன 10-க்கே கொண்டுபோகலாம். அரசுப் பள்ளிக்கு இப்போதிருக்கிற 7.5-ஐத் தொடாமல், கூடுகிற 2.5-ஐ உதவிபெறும் பள்ளிகளில் ஆறு முதல் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தனியாக வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் நகரத்துப் பழைய, பேர்போன உதவிபெறும் பள்ளிகள் மொத்தத்தையும் அள்ளிவிடும், அரசுப் பள்ளி ஆசிரியர்களின் அந்தப் பயம் நியாயமானது.

கிரீமி லேயரை வருமானம் பார்த்து வெளியே தள்ளுகிற வடிவத்தில் நான் ஏற்க மாட்டேன். அருந்ததியர் சட்டத்தில் உள்ள முறையைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம்: அமைச்சர், நீதிபதி, குரூப் ஏ அதிகாரி என்று பதவியால் மறுக்க முடியாமல் தெரிகிறவர்களின் பிள்ளைகள் அதே பிரிவுக்குள் வரிசையின் கடைசியில் நிற்கட்டும். முன்னால் உள்ளவர்கள் எடுத்தது போக மீந்தால் அவர்களுக்கு. அப்படிச் செய்தால் ஒரு பிசி இடம்கூடப் பிசியை விட்டு வெளியே போகாது, விஏஓவிடமும் யாரும் போய் நிற்க வேண்டாம், பதவி அரசிதழிலேயே இருக்கிறது. கார் ஷோரூம் வைத்திருப்பவர் தப்பிப்பாரே என்றால், ஆமாம், தப்பிப்பார். அவரையும் பிடிக்கப் போய்த்தான் 1979-இல் எல்லாம் கெட்டது.

எம்பிசிக்குள் உட்பிரிவு சாதிக் கணக்கு வெளியான பிறகு. கிராமப்புற ஒதுக்கீட்டை இனி எடுக்க வேண்டாம், கடலோரத்துக்கும் மலைக்கும் மட்டும் இடங்களைக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கலாம். டெக்சஸ் முறையை அண்ணா பல்கலைக்கழகத்தின் நாலு வளாகங்களில் சோதித்துப் பார்க்க ஒரு அரசாணையே போதும் என்று நினைக்கிறேன்: ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் கணக்குப் பிரிவில் முதலாவதாக வருகிறவரின் பட்டியலை எடுத்து, 7.5-க்குள்ளேயே ஒரு பகுதியை அவர்களுக்கு வைத்தால் போதும், யாருக்கும் ஒரு இடமும் குறையாது.